வண்டி போகாத ஊருக்கு வழி

அவருக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது லைசென்ஸில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி சொந்தத்துக்கும் சரி, தெருவுக்கும் சரி, அவர் பிரேக் மாமா. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பிரேக்கின் மேல் காலை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். "அவசரம் உனக்கா, வண்டிக்கா?" என்று அவர் கேட்டால் எதிரே இருப்பவருக்குக் கிளட்சும் பிரேக்கும் ஒன்றாகத் தெரியும்.

அவருடைய அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். முதலாவது பெண். நடுவில் இரண்டு தங்கவில்லை. கடைசியில் இவர். அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்தால் அடுப்பு எரியாது என்கிற நிலைமை. அதனால் இவரை இடுப்பில் சுமந்து வளர்த்தது அக்காதான். இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அக்காவுக்கு இவர் "டேய்"தான். அக்கா வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் போடுகிறவர், தங்கமான மனுஷர், போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து அக்கா அடுத்த தெருவில் தனியாகக் குடியிருந்தாலும் சாப்பாடு, சண்டை இரண்டும் தம்பி வீட்டில்தான். மாமாவின் மனைவி ஓர் அலுவலகக் கேண்டீனில் சமையலைப் பார்த்துக்கொள்கிறவள். மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு மனைவியும், ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு சின்னப் பெண்களும்.

வருஷத்தில் ஒரு நாள் இத்தனை பேரும் ஒரு வேனில் ஏறி எங்கேயாவது போய்விட்டுப் பொழுது சாய வீடு திரும்புவார்கள். எங்கே போவது என்று சொல்வது மாமா, வேன் எடுப்பது மாமா, ஓட்டுவதும் மாமா. மனைவிக்கும் மச்சினனுக்கும் அவரே கற்றுக்கொடுத்து லைசென்ஸும் வாங்கிக்கொடுத்தவர்தான். ஆனால் சாவியை மட்டும் கொடுத்ததில்லை. "இன்னும் கை பழகணும்" என்பார். எப்படிப் பழகும்? சாவி அவர் பாக்கெட்டில் அல்லவா இருந்தது.

இப்படிப்பட்டவருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்.

ஸ்கூலில் ஒரு நர்ஸம்மா சேர்ந்தாள். முப்பது வயதுக்காரி. துணிச்சல்காரி. பார்க்கிங் சொல்லிக்கொடுத்தால் இரண்டாம் தடவையிலேயே கச்சிதமாக நிறுத்துவாள். ஒரே ஒரு கோளாறு. திடீரென்று திருப்பச் சொன்னால் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். வலது என்றால் ஸ்டியரிங் இடது பக்கம் போகும். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, வலது கை எதுன்னு தெரியாமலா ஊசி போடறே?"

"மாஸ்டர், நான் பிறந்து வளர்ந்தது படகுல. பின்னால உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு, வலது பக்கம் போகணும்னா கட்டையை இடது பக்கம் தள்ளணும். கை அப்படியே பழகிடுச்சு. எங்க ஊர்ல வண்டியே கிடையாது."

"வண்டி இல்லாத ஊரா?"

"ரோடே இல்லை மாஸ்டர். தெரு பூராவும் வாய்க்கால். வீட்டுக்கு வீடு மரப்பாலம். ஒண்ணு நடக்கணும், இல்லே படகு."

மாமா அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி இல்லாத ஊரில் மனுஷன் எப்படி மூச்சு விடுவான் என்று மட்டும் நினைத்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் மார்க்கெட் முனையில் வலது பக்கம் திருப்பச் சொன்னார். அவள் வழக்கம்போல் இடது பக்கம் ஒடித்தாள். அந்தப் பக்கம் ஒரு சைக்கிள்காரர் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அவளே அலறி, அவளே பிரேக்கை மிதித்து, வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் நாலு வார்த்தை நல்லபடியாகத் திட்டிவிட்டுப் போனார். நர்ஸம்மா வெளிறிப்போய்த் திரும்பினாள்.

"மாஸ்டர், நீங்க ஏன் பிரேக் அடிக்கலை?"

மாமா அந்தச் சைக்கிளைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வந்த ஆள்! நின்ற பிறகுதான் திடீரென்று முளைத்த மாதிரி தெரிந்தார்.

கண் ஆஸ்பத்திரிக்கு யாருக்கும் சொல்லாமல் போனார். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். பார்த்தாயா என்று உள்ளுக்குள் ஒரு கெத்து. பிறகு இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்கு முன்னால் முகவாயை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் அமுக்க வேண்டுமாம். அவர் காத்திருந்தார், காத்திருந்தார். எப்போதோ ஒன்று வந்தது.

"ஏம்மா, உங்க மெஷின் ரிப்பேர் போல. லைட்டே வரலையே" என்றார்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "வந்துக்கிட்டேதான் இருந்துச்சுங்க."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை உள்பக்கமாகச் சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நேரே தெரியும், ஓரம் தெரியாது. போனது போனதுதான். சொட்டு மருந்தை விடாமல் போட்டுவந்தால் இருப்பது தங்கும். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை வைத்தார்: "வண்டி மட்டும் இனிமே வேண்டாங்க."

ஸ்கூல் முதலாளியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். முதலாளி நல்ல மாதிரி. அவரை வண்டியிலிருந்து இறக்கி வகுப்பறையில் உட்காரவைத்தார். பச்சைத் துணி விரித்த மேஜை, அதில் வெள்ளைப் பெயிண்டில் வரைந்த சாலைகள், நாலைந்து பொம்மைக் கார்கள். அந்தக் கார்களைத் தள்ளித் தள்ளி விதிமுறை சொல்லிக்கொடுத்தார். வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. சொந்தக் காருக்கு உறை மாட்டி நிறுத்தினார். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லது" என்றார். குளிர்ச்சியில் இருக்க வேண்டிய சொட்டு மருந்தைக் காலி ஜாம் பாட்டிலுக்குள் போட்டு ஃப்ரிட்ஜின் மூலையில் செருகினார். தன் வீட்டு ஃப்ரிட்ஜில் எதையோ ஒளித்துவிட்டோம் என்று நம்புகிற ஆண்பிள்ளையை என்ன சொல்வது!

இந்த நிலைமையில் வருஷாந்திரப் பயணம் வந்து கதவைத் தட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இந்த வருஷம் எங்கேயும் வேண்டாண்டா. எனக்கு முட்டி ஒத்துழைக்கலை. வீட்டிலேயே ஏதாவது செஞ்சு சாப்பிட்டுப் பேசிக்கிட்டு இருப்போம்."

"ஆமா மாமா, எனக்கும் வேலை ஜாஸ்தி" என்றான் மச்சினன்.

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டிருக்கலாம். மனுஷனுக்கு அந்த நேரத்தில் புத்தி வேறு பக்கம் ஓடியது. வருஷம் தவறாமல் எல்லோரையும் கிளப்புகிறவன் உடனே சரி என்றால் ஏன் என்று கேட்பார்கள், துருவுவார்கள், விஷயம் வெளியே வந்துவிடும். போகவும் வேண்டும், ஓட்டவும் கூடாது. அதற்கு ஓர் இடம் வேண்டும். அப்போதுதான் நர்ஸம்மாவின் ஊர் பளிச்சென்று ஞாபகம் வந்தது.

"அதெப்படி? ஒரு வருஷம் விட்டா அப்படியே விட்டுப்போயிடும். நான் இடம் பார்த்து வச்சிருக்கேன். வாய்க்கால் ஊர். வண்டியே கிடையாது. புகை இல்லை, ஹாரன் இல்லை. படகு, மரப்பாலம், அவ்வளவுதான்."

அக்காவின் முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது.

"வண்டியே கிடையாதா? நிஜமாவா?"

"சத்தியமா."

"அப்போ போகலாம்டா! எப்போ போறோம்?"

"முட்டி?"

"முட்டி கிடக்குது விடு."

மச்சினனும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நல்ல ஐடியா மாமா. எனக்கும் லீவு கிடைக்கும்னுதான் நினைக்கிறேன்."

மாமாவின் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவள் இப்படி மௌனமாக இருப்பது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. காருக்கு உறை போடுகிற வரைக்கும் ஒரு வருஷமாக அவளை வண்டியில் ஏற்றினால் போதும், பேச்சுதான்: "அந்தக் கடையை மூடிட்டாங்க பாருங்க", "இந்தப் பக்கம் ஒரு அம்மா குடையோட என்ன ஸ்டைலா நடக்குது பாருங்க." வயசானால் பேச்சு கூடும் போலிருக்கிறது என்று அவர் நினைத்துவைத்திருந்தார்.

"ரயில்ல போயிடலாம்" என்றார் மாமா தாராளமாக. "நானும் எத்தனை வருஷம்தான் ஓட்டறது? ஜன்னல் ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு…"

மச்சினன் அதற்குள் போனை எடுத்துத் தடவ ஆரம்பித்திருந்தான். லிஃப்ட் ரிப்பேர்க்காரனுக்கு எதையும் கழற்றிப் பார்த்தால்தான் திருப்தி. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் விழுந்தது.

"மாமா, ஊருக்குள்ளதான் வண்டி போகாது. ஊர் வரைக்கும் போறதுக்கு வண்டி வேணும். ரயில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. பஸ் காலையில ஒண்ணு, அதுவும் ஞாயித்துக்கிழமை கிடையாது. ஊர் எல்லையில பெரிய பார்க்கிங் இருக்குதாம். எல்லாரும் அங்கே நிறுத்திட்டுத்தான் படகு ஏறறாங்க."

இத்தனை நாள் சாலையே கதி என்று இருந்தவர், வண்டி இல்லாத ஊருக்கு வண்டியில்தான் போக வேண்டும் என்பதை யோசிக்கவில்லை பாருங்கள்.

அக்கா மச்சினனைப் பார்த்தாள். மச்சினன் அவன் மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தைகளின் தலையைத் தடவினாள். எல்லோரும் தன் வாயைத்தான் பார்க்கிறார்கள் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. கௌரவம் இருக்கிறதே, அது பொல்லாதது. மனசு வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுக்க, வாய் தன்னால் சொல்லிவிட்டது:

"நான் இருக்கும்போது என்ன கவலை? வேன் எடுத்துட்டாப் போச்சு."

"சரி மாமா" என்றான் மச்சினன், விளக்கெண்ணெய் குடித்தவன் போல.

அந்த வாரம் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. என்னென்னவோ யோசித்தார். முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்துவிடலாமா? வேன்காரரிடம் சொல்லி வண்டி இல்லை என்று சொல்லச் சொல்லலாமா? அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நாள் நெருங்க நெருங்க வேறொரு யோசனை பூனை மாதிரி உள்ளே வந்தது. நேர் ரோடுதானே. விடியற்காலையில் கிளம்பினால் கூட்டம் இருக்காது. மெதுவாகப் போகலாம். ஒரே ஒரு தடவை. அதோடு விட்டுவிடலாம். முப்பது வருஷக் கை, கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுமே!

அந்த யோசனைதான் அவரையே பயமுறுத்தியது. ஏனென்றால் அது நியாயமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

பயணத்துக்கு முந்தின வாரம் சனிக்கிழமை காலை வீட்டு வாசலிலிருந்து ஸ்கூலின் பயிற்சி மைதானம் வரைக்கும் வேன்காரரையே ஓட்டிவரச் செய்து, சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பழைய சிவப்புக் கூம்புகளை இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தார். புதுப் பிள்ளைகளுக்கு வைக்கிற அதே இடைவெளி. ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். கிளம்பினார். அடடா, வேன் எண்ணெயில் வழுக்குகிற மாதிரிப் போயிற்று. ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை, முட்டவில்லை. தூரத்தில் மைதானத்துக் காவல்காரர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். மாமாவும் உற்சாகமாகக் கையை ஆட்டினார். கடைசிவரை ஓட்டி, அழகாக நிறுத்தி, மனசுக்குள் ஒரு துள்ளலோடு இறங்கினார்.

காவல்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்ன மாஸ்டர், நான் கத்தறேன், நீங்க டாட்டா காட்டிட்டுப் போறீங்க?"

திரும்பிப் பார்த்தார். இடது பக்க வரிசையில் பாதிக் கூம்புகள் படுத்துக் கிடந்தன. ஒன்று வேனுக்கடியில் நசுங்கி, அங்கிருந்து இங்குவரை இழுபட்டு வந்திருந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. ரப்பர்தானே.

மாமா அந்த நசுங்கின கூம்பைக் குனிந்து இழுத்தார். அது வரவில்லை. காவல்காரர் ஒரு கை கொடுத்தார். மாமாவுக்கு அந்த நேரத்தில் மச்சினனின் இரண்டு பெண்களும், ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு பின் இருக்கையில் சண்டை பிடிப்பது கண்முன் வந்தது. வேன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி வேணுமா மாஸ்டர்?"

"வேண்டாம்ப்பா. வேன்காரர் வந்தா அவரையே எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அன்று மத்தியானம் எல்லோரும் மறுபடி கூடியிருந்தார்கள். யார் என்ன கொண்டுவருவது, யார் எங்கே உட்காருவது என்று பேச்சு. ஜன்னல் பக்கத்துக்காகக் குழந்தைகள் இரண்டும் அப்போதே அடித்துக்கொண்டன. மாமா உள்ளே வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஓட்டலை."

"என்னடா?" என்றாள் அக்கா.

"வேனை நான் ஓட்டலை. இனிமே எதையும் ஓட்டமாட்டேன். கண்ணு போச்சு அக்கா. முழுசாப் போகலை. ஓரம் தெரியலை. நேரே நிக்கிற உன்னைத் தெரியுது, பக்கத்துல நிக்கிறவனைத் தெரியலை. டாக்டர் எப்பவோ வேண்டான்னுட்டார். நான்தான் சொல்லலை."

அக்கா இரண்டு கையையும் தலைமேல் வைத்தாள். பெரிசாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா!"

மச்சினனிடமிருந்தும் ஒரு மூச்சு, டயரிலிருந்து காற்றுப் போகிற மாதிரி. அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்பாடாவா? என் கண்ணு போகுதுங்கறேன், நீ அப்பாடாங்கறே?"

"டேய், போன வருஷம் மலைக்குக் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? இயற்கையைப் பாரு, இயற்கையைப் பாருன்னு சொல்லிக்கிட்டே வந்தே. நான் கண்ணைத் திறந்தாத்தானே இயற்கையைப் பார்க்கறதுக்கு! ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் கும்பிட்ட கையை எடுக்கலை."

"எனக்கு வாந்தி வரும்னு சொல்லிப் பாதியில இறங்கி பஸ்ல வந்தேனே மாமா," என்றான் மச்சினன், "எனக்கு ஜென்மத்துல வண்டியில வாந்தி வந்தது கிடையாது."

"அடப்பாவி! அப்போவே சொல்லலாமில்லே?"

"உங்ககிட்ட யார் மாமா சொல்றது? லைசென்ஸ் டெஸ்டுல என்னை அழவச்சவர் நீங்க."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் அன்னைக்கு என் மூஞ்சியையே பார்த்தீங்க?"

"உன் மூஞ்சியை எவன் பார்த்தான்? யாராவது முதல்ல சொல்லமாட்டாங்களான்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தோம்" என்றாள் அக்கா. சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்துக்கொண்டிருந்தபோதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்துவந்து தம்பியின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஏண்டா, இதைத் தனியாவா வச்சுக்கிட்டு இருந்தே? நேரே தெரியறது தங்கும்தானே?"

"மருந்து போட்டா தங்கும்னு சொல்றாங்க."

அதுவரை பேசாதிருந்த மனைவி எழுந்து உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. ஜாம் பாட்டிலை எடுத்துவந்து அவர் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"உட்காருங்க. இன்னைக்குக் காலையில போடாமப் போயிட்டீங்க."

மாமா உட்கார்ந்தார். "உனக்கு எப்போ தெரியும்?"

"மருந்தா? நீங்க வாங்கிட்டு வந்த அன்னைக்கே. கண்ணுன்னா, அதுக்கும் முன்னாலேயே. நம்ம கேட்டுல உரசிட்டு 'எவனோ உரசிட்டுப் போயிட்டான்'னு தெருவையே திட்டினீங்களே, அன்னைக்கு."

"தெரிஞ்சுமா பக்கத்துல உட்கார்ந்து வந்தே?"

"உட்கார்ந்து சும்மா வந்தேனா? வாய் ஓயாமப் பேசிக்கிட்டுல்ல வந்தேன். குடைக்காரம்மா, சைக்கிள்காரர், மூடின கடை! எனக்கென்ன அந்தம்மா குடையைப் பத்தி? அந்தப் பக்கம் ஆள் வருதுன்னு சொன்னா சண்டைக்கு வருவீங்க. குடை நல்லா இருக்குன்னு சொன்னா திரும்பிப் பார்ப்பீங்க."

வயசானதால் வந்த பேச்சு என்று நினைத்தாரே, அத்தனையும் அவருக்குக் கொடுத்த கண். அவள் அண்ணாந்து பார்க்கச் சொல்லி மருந்தைச் சொட்டினாள். மருந்தோடு சேர்ந்து கொஞ்சம் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

"சரி, வேனுக்கு ஓர் ஆள் போட்டுக்கலாம்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "நம்ம ஸ்கூல்லயே கேட்கறேன்."

மனைவி தொண்டையைச் செருமினாள். "ஆள் வேண்டாம். நான் ஓட்டறேன்."

"நீயா? உனக்கு இன்னும் கை…"

"பழகிட்டேன். எட்டு மாசமாப் பழகறேன். மத்தியானம் கேண்டீன்ல ஸ்டாக் எடுக்கற வேலைன்னு சொன்னேனே, அது ஸ்டாக் இல்லை."

"எங்கே பழகினே?"

அவள் குழந்தைகளுக்குப் பழம் நறுக்க ஆரம்பித்தாள். மச்சினன் கூரையைப் பார்த்தான். மாமாவுக்கு மூக்கு வியர்த்தது.

"எங்கேன்னு கேட்கறேன்."

"உங்க ஸ்கூலுக்கு எதிர்ல."

"மஞ்சப்போர்டுலயா!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழப்போயிற்று. மஞ்சப்போர்டு என்பது எதிர்ச்சாரியில் இருக்கிற போட்டி டிரைவிங் ஸ்கூல். மாமாவிடமே கற்று, மாமாவுக்குக் கீழேயே வேலை பார்த்து, ஒரு நாள் சாவகாசமாகத் தெருவைக் கடந்து எதிரிலேயே மஞ்சள் பலகை மாட்டினவன் அதன் மாஸ்டர். அந்தப் பக்கம் திரும்பிக் காபிகூடக் குடிக்கமாட்டார் மாமா.

"கண்ணு போனதுகூடப் பரவாயில்லைடி. என் பெண்டாட்டி மஞ்சப்போர்டுகிட்ட… ஊர்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

"நேரா பார்த்து நட. உனக்கு நேரேதான் நல்லா தெரியுதே" என்றாள் அக்கா.

மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். மனைவி பழத்தட்டைத் தள்ளிவைத்தாள்.

"கோபப்படாம கேளுங்க. அந்தத் தம்பி சொல்லித்தர்றது பூராவும் நீங்க சொல்லிக்கொடுத்தது. கண்ணாடியைத் தொடறதுலேர்ந்து, 'அவசரம் உனக்கா வண்டிக்கா' வரைக்கும். அப்படியே இருக்கு. வசவை மட்டும் கழிச்சுட்டார்."

மாமா ஒரு துண்டுப் பழத்தை எடுத்தார். மென்றார். "அவன் ரிவர்ஸ் எப்படிச் சொல்லிக்கொடுத்தான்?"

"கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேல பார்த்து."

"ம்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் உறையைக் கழற்றி வீட்டுக் காரை எடுத்தார்கள். மனைவி ஓட்டினாள், மாமா பக்கத்தில். தெருவைச் சுற்றி, மார்க்கெட்டைச் சுற்றி, ஊர் விளிம்பு வரை போய்த் திரும்பினார்கள். குறை சொல்ல அவர் எவ்வளவோ தேடினார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இண்டிகேட்டரை அணைக்க மறந்துட்டே" என்றார். அவருக்குத் தெரிந்த பாராட்டில் அதுதான் உச்சம்.

பயணத்தன்று விடியலில் கிளம்பினார்கள். அக்கா இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு வந்தாள். "டேய், இந்த ரோட்டோரமா இவ்வளவு மரம் இருக்குன்னு எனக்குத் தெரியாதேடா" என்று வழியெல்லாம் குத்திக்காட்டினாள். பார்க்கிங்கில் நர்ஸம்மா காத்திருந்தாள். மாமா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். தார் ரோடு ஒரு வேலியில் முட்டி முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

எல்லோரும் படகில் ஏறினார்கள். நர்ஸம்மா பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாள். வீடுகள் தண்ணீர் விளிம்பிலேயே முளைத்திருந்தன. ஒருவர் ஜன்னலிலிருந்து கையை நீட்டிப் படகுக்காரரிடம் ரொட்டி வாங்கினார். ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து மரப்பாலத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அதுதான் அந்த ஊரில் அவர்கள் பார்த்த ஒரே சக்கரம். மனுஷக் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அங்கேதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாய்க்கால் திரும்பும் இடம் வந்தது. நர்ஸம்மா தலையை உயர்த்தி, "வர்றோம்…" என்று நீட்டிக் குரல் கொடுத்தாள். மூலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நின்னுட்டேன், வாங்க" என்று ஒரு கிழவரின் குரல் வந்தது. திரும்பினால், காய்கறி ஏற்றின படகு ஒன்று ஓரமாக ஒதுங்கி நின்றது.

"எதுக்கும்மா கத்தறே?" என்றார் மாமா.

"வீட்டு மூலை மறைக்குது மாஸ்டர். பக்கத்துல என்ன வருதுன்னு இங்கே யாருக்கும் தெரியாது. குரல் கொடுத்துட்டுத்தான் திரும்பணும். குரல் கொடுக்காமத் திரும்பினா ஊரே திட்டும்."

அடுத்த திருப்பம் வந்தபோது மாமாவே எழுந்து நின்றார். வகுப்பறையில் கத்திப் பழகின தொண்டை. "வர்றோம்" என்று ஒரு குரல் விட்டார் பாருங்கள், இரண்டு கரையிலும் ஜன்னல்கள் திறந்தன. குழந்தைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அன்று முழுக்க அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மரப்பாலங்களில் ஏறி இறங்கினார்கள், அக்காவின் முட்டி உட்பட. குழந்தைகளை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, ஓரமாக வா என்று அதட்டவில்லை. மாமாவும் கரையோர நடைபாதையின் நடுவில், தன்னிஷ்டத்துக்கு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். யார் மேலும் இடிக்கவில்லை. இடித்தாலும் என்ன, மனுஷன்தானே.

சாயங்கால வெயிலில் திரும்பினார்கள். மனைவி ஓட்ட, மாமா பக்கத்து இருக்கையில். ஊரைத் தாண்டி நேர்ச்சாலைக்கு வந்ததும், பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு மச்சினனின் தொடையில் தட்டினாள். மாமா தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, இரண்டு கையும் மடியில் விரிந்து கிடந்தன. ஓடுகிற வண்டியில் அவர் கண்ணயர்ந்ததை அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. லாரி ஒன்று பெரிய ஹாரனோடு எதிரே கடந்தது. அவர் அசையவில்லை.

வீட்டு வாசலில் மனைவி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். குழந்தைகள் சத்தம் போட வாயெடுக்க, அவர்களின் அம்மா உதட்டில் விரலை வைத்தாள். மச்சினன் கதவைத் திறக்கப் போனான்.

"இருடா, கதவைச் சாத்தற சத்தத்துல முழிச்சுக்கப் போறான்" என்றாள் அக்கா மெதுவாக. "கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். இந்த ஒரு வருஷமா அவன் எங்கே தூங்கினான்?"

யாரும் இறங்கவில்லை.